மூணு பெல் ஜீப்

என்னைக் கொல்லப் பார்த்தது ஒரு ஜீப். கொல்லவிடாமல் தடுத்தது என் வீட்டுக்காரருடைய பிடிவாதம். மூன்று வருஷம் நான் இரண்டையும் திட்டாத நாளே கிடையாது. ஜீப்பைத் திட்டியதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

அவர் பெயர் சிவப்பிரகாசம். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகிற கேஜ் என்கிற கூண்டைக் கம்பிவடத்தில் இறக்குவதும் தூக்குவதும் அவர் வேலை. அந்தக் கேஜ் அவர் கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் கொட்டகையில் உட்கார்ந்து பெல் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும். நிற்கிற கேஜுக்கு ஒரு பெல் வந்தால் தூக்கு. ஓடுகிற கேஜுக்கு ஒரு பெல் வந்தால் நிறுத்து. இரண்டு வந்தால் இறக்கு. மூன்று வந்தால், ஆள் ஏறியிருக்கிறது. ஆள் போவதானால் முதலில் மூன்று வரவேண்டும், பிறகுதான் மற்றது. கல்யாணமான வாரமே இதையெல்லாம் எனக்கு ஒப்பித்துக் காட்டினார். மற்ற பெண்களுக்குப் புருஷன் பூ வாங்கிக்கொண்டு வந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ரிடையரானார். ஒரு மாதம் வீட்டில் இருந்தார். அடுத்த மாதம், ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப் ஒன்றோடு ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“இன்னாங்க இது?”

“வண்டி.”

“அது தெரியுது. இன்னாத்துக்கு?”

“ஓட்றதுக்கு.”

அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். ஹாண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. அதில் நான் சாப்பாட்டுப் பையை மாட்டுவேன், வேறெதற்கும் அது உதவியதில்லை. கால் பிரேக் மூன்று மிதிக்குச் சும்மா போய், நான்காவது மிதிக்குப் பிடிக்கும். ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். பின்சீட்டின் கீழே தகடு துருப்பிடித்து உள்ளங்கை அகலம் ஓட்டை. என் புதுச் செருப்பு ஒன்று அதன் வழியாக ரோட்டில் விழுந்து, சந்தைக்கு ஒற்றைக் காலில் போனேன். எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்ப நாலு பேர் தள்ள வேண்டும் என்பதால் அணைக்கவே மாட்டார். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும்.

சைலன்சர் ஓட்டையாகி, பின்னால் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் காதில் விழாது. என்ன செய்தார்? எங்கேயோ ஒரு பழைய பெல்லைத் தேடிப் பிடித்துத் தம் தலைக்கு மேல் பொருத்தி, கயிற்றைப் பின்சீட்டு வரைக்கும் இழுத்துக் கட்டினார். கயிற்றுக்கு நான் பொறுப்பு. ஏற்றத்தில் நின்றால் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவதும் நான்தான். மூன்று பெல், அப்புறம் ஒரு பெல். தக்காளி வாங்கப் போனாலும் இதே சட்டம்.

“கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன். நான் இங்கதான் கீறேன்.”

“வைண்டர் திரும்பிப் பாக்க மாட்டான். பெல்லை அடி.”

ஒருநாள் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் மடியில் கத்தரிக்காயோடு ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு பெல்தான் அடித்தேன். மனுஷன் அசையவில்லை. ஜீப் உறுமிக்கொண்டே நிற்கிறது, பின்னால் மாட்டுவண்டிக்காரன் தெலுங்கில் திட்டுகிறான், இவர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கால் மணி நேரம் கழித்து நான்தான் தோற்றேன். மூன்று அடித்தேன். வீடு வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை, அது அவருக்குத் தெரியவுமில்லை.

அறுபத்தெட்டில் அந்த ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காமல், பக்கத்து வீட்டு லூயிசாவின் கோழிக்கூண்டில் போய் மோதியது. கோழிகள் பிழைத்தன. லூயிசா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அது இருக்க வேண்டும் என்று. என் தம்பி பெருமாள் வேலூர் பக்கம் பஸ் கண்டக்டர். அவன் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய இரும்பு வியாபாரியைப் பார்த்துப் பேசி முடித்தான்.  மூன்றாம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் ஜீப்பைக் கழுவித் துடைத்து, முன்கண்ணாடியில் திருநீறு பூசினார். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஆனாலும் ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தேன்.

பெருமாள் என் எதிரே உட்கார்ந்தான். சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டை ஒட்டிய ஏற்றத்தில் வழக்கம்போல் ஆவி கிளம்பியது. அவர் பிரேக்கை மிதிமிதியென்று மிதித்து நிறுத்தினார். நான் குதித்துக் கட்டையைப் போட்டேன். தண்ணீர் டின்னோடு முன்னால் போய், பானெட்டைத் திறந்து, கொதி அடங்கும்வரை நின்று, தண்ணீர் ஊற்றி மூடினேன். பானெட் மூடியதும் அவர் கியரைப் போட்டுவிட்டு பெல்லுக்குக் காத்திருப்பார், அது எனக்குத் தெரியும். டின்னை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அதன் மூடி உருண்டு பம்பருக்கு அடியில் போயிற்று. ஒரு நிமிஷ வேலைதானே என்று அங்கேயே குந்தினேன்.

அவர் இடத்திலிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். பின்னால் இருந்த பெருமாள் தலையை வெளியே நீட்டி, பம்பருக்கு முன்னால் என் சேலைத் தலைப்பைப் பார்த்துவிட்டான். “மாமா, இருங்க, அக்கா கீழ கீது” என்று கத்தியிருக்கிறான். யார் காதில் விழும்? சட்டென்று கயிற்றைப் பிடித்து ஒரு பெல் அடித்தான். பதினைந்து வருஷக் கண்டக்டர். பஸ்ஸில் ஒரு பெல் என்றால் நிறுத்து.

அந்த ஒரு பெல்லை நான் குந்தியபடி கேட்டேன். நிற்கிற வண்டிக்கு ஒரு பெல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பம்பர் என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எழுந்திருக்க நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜீப் நகரவில்லை.

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் அவர் குரல் கேட்டது.

“யார்றா பெல் அடிச்சது? மூணு வரலியே?”

நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் பின்பக்கம் திரும்பிப் பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் திரும்பினார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 

பெருமாள் அவர் காதருகே குனிந்து அழுதுவிட்டான். “வண்டிய நிறுத்தத்தான் மாமா அடிச்சேன்.”

“நின்னுங்கீற வண்டிய இன்னாத்துக்குடா நிறுத்துவே?” என்றார்.  “மூணு வரல. ஆள் ஏறல. மூணு வரல” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

நான் பின்னால் போய் ஏறினேன். கயிற்றைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக அடித்தேன். பிறகு ஒன்று. ஜீப் முனகிக்கொண்டு ஏறியது. பெருமாள் குதித்து இறங்கிக் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தொற்றினான். அந்த மூன்று பெல்லை நான் அன்றைக்குத்தான் மரியாதையோடு அடித்தேன்.

இரும்புக் கடை வாசலில் எனக்கு மனசு கேட்கவில்லை. “வேணாங்க. வீட்டுக்கே எட்துக்னு போயிடலாம்” என்றேன்.

“போதும் சகுந்தலா” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

பெருமாள் டியூட்டிக்குப் போனான். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். இடம் பிடிக்க அவர் முன்னால் ஏறினார். நான் தண்ணீர் டின்னோடு படியில் ஒரு கால்தான் வைத்திருந்தேன், கண்டக்டர் இரண்டு பெல் அடித்துவிட்டான். பஸ் நகர்ந்தது.

“நிறுத்துப்பா, மூணு அடிக்கல” என்றார் அவர்.

“இன்னா மூணு, பெரியவரே?” என்றான் கண்டக்டர்.

பஸ்ஸில் பாதிப் பேர் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் எழுந்து பெல் கயிற்றை எட்டிப் பிடித்து மூன்று முறை இழுத்தார். டிரைவர் ஒன்றும் புரியாமல் நிறுத்திவிட்டார். நான் ஏறினேன். இருபத்திரண்டு வருஷம் திரும்பியே பார்க்காத மனுஷன், நான் வந்து பக்கத்தில் உட்காரும் வரைக்கும் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.