ஆறு ஸ்டூல்களும் ஒரு ஆஃபர் மேடையும்

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை தேரடித் தெருவிலிருந்து ஒரு திருப்பம் தள்ளி இருக்கிறது. மூன்று மாடி. வாசலில் என்ன வைப்பது, கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு எந்தச் சேலையைக் கட்டுவது, ஆஃபர் பலகையை எங்கே தொங்கவிடுவது என்று காகிதத்தில் வரைந்து, முதலாளியிடம் காட்டி, பிறகு ஏணி போட்டு அதைச் செய்து முடிப்பது என் வேலை. சென்னையில் ஒரு பெரிய கடையில் எட்டு வருடம் இதையேதான் செய்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்குத் திரும்பினேன். அவர் போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டேன்.

இந்த வேலையில் எந்தப் பண்டிகையும் அதன் நாளில் வருவதில்லை. சித்திரை வெயிலில் ஆடித் தள்ளுபடிக்கு வரைய வேண்டும். ஆடியில் தீபாவளிக்கு. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதே மண்டைக்குள் கார்த்திகை தீபத்துக்கான அட்டைகள் தொங்க ஆரம்பித்திருக்கும். நாள் வந்து சேரும்போது எனக்கு அது பழசாகியிருக்கும். ஊரே மலையைப் பார்த்து அரோகரா சொன்ன ஒரு சாயங்காலம், பொங்கலுக்குத் தெர்மாகோலில் எத்தனை கரும்பு வெட்ட வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. கையை மட்டும் எல்லோரையும் போலக் கூப்பியிருந்தேன்.

போன தீபத்துக்கு முந்தின தீபம். முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"தீபத்துக்கு வர்றவங்க பட்டு வாங்க வர்றதில்லம்மா. துண்டு, வேட்டி, கொழந்தைக்கு ஸ்வெட்டர், மழைக்குத் தலையில மாட்ட ஒரு குல்லா. உள்ள நொழஞ்சதும் கையில தட்டணும். மாடி ஏறச் சொன்னா ஒருத்தரும் ஏற மாட்டாங்க. வாசலாண்டயே மேடை போடு. நல்லா பெருசா போடு."

அவர் சொன்னது சரிதான். வியாபாரம் தெரிந்தவர். நான் டேப்பை எடுத்துக்கொண்டு தரைத்தளத்தை அளந்தேன். மேடைக்கு எட்டடி நீளம், மூன்றடி அகலம். அதைச் சுற்றி ஆள் நடக்க வழி. எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றேகால் அடி குறைந்தது. கடைசியில் காட்டன் சேலை கவுன்டரைப் பின்னால் தள்ளினால் அந்த ஒன்றேகால் அடி கிடைக்கும் என்று தெரிந்தது. கவுன்டருக்கும் பின்னால் இருந்த ரேக்குக்கும் நடுவே ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் கிடந்தன. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டவை. கவுன்டரைத் தள்ளினால் ஸ்டூலுக்கு இடமில்லை.

காகிதத்தில் அந்த ஆறு ஸ்டூலும் ஆறு சின்ன வட்டங்கள். ரப்பரால் அழித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

காட்டன் சேலைப் பிரிவில் மூத்தவர் ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். வாடிக்கையாளர் என்ன நிறம் கேட்டாலும், திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிச் சரியான அடுக்கிலிருந்து உருவுவார். ஸ்டூல்களைக் குடோனுக்கு ஏற்றியபோது அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"தீபம் முடியற வரைக்கும்தான்க்கா," என்றேன்.

"சரிம்மா," என்றார். அவ்வளவுதான்.

மேடை நன்றாகவே வந்தது. துண்டுகளைச் சுருட்டி நிறவாரியாக அடுக்கினேன். நடுவில் வேட்டிகள், முன்வரிசையில் குழந்தைகளின் குல்லாக்கள். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் ஒரு குடும்பத்தை நிறுத்தினேன். வேட்டி கட்டிய அப்பா பொம்மை, காட்டன் சேலையில் அம்மா பொம்மை, ஸ்வெட்டர் போட்ட பிள்ளை. கிரிவலம் கிளம்புகிற மாதிரி.

கொடியேறி ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காலையிலிருந்து கூட்டம் அடங்கவில்லை. மத்தியானம் சாமி வேறு தெருவில் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கடை கொஞ்சம் காலியானது. கலைந்த துண்டுகளைத் திரும்ப அடுக்கலாம் என்று நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். கண்ணாடிக்கு வெளியே நாலைந்து பேர் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பொம்மைகளைப் பார்த்துத் தெருவில் ஆள் நிற்பது அபூர்வம். ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிட்டே போனபோதுதான் தெரிந்தது. அந்த அக்கா கண்ணாடிக்குள் ஏறி, பொம்மைகளின் காலடியில் உட்கார்ந்திருந்தார். கடை யூனிஃபார்ம் சேலை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அம்மா பொம்மையின் முழங்காலில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போயிருந்தார். சேலை கொஞ்சம் ஏறியிருந்ததில் கணுக்கால் தெரிந்தது. வீங்கி, பச்சை நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. வெளியே ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "இது நெஜ ஆளாம்மா?" என்று கேட்பது அவள் வாயசைவில் எனக்குப் புரிந்தது.

முதலாளியும் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"இன்னாம்மா இது? டிஸ்ப்ளேல ஆள உக்கார வச்சிகினு இருக்க?"

குரல் கேட்டு அக்கா விழித்தார். பதறிக்கொண்டு எழுந்ததில் பிள்ளை பொம்மை சாய்ந்து விழுந்தது. "தல சுத்திச்சி சார். ரெண்டு நிமிசம்தான் சார்," என்றார். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. "தல சுத்துனா மேல போயி படுக்க வேண்டிதானே, ஜனங்க வேடிக்க பாக்குது பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஸ்டூலை எடுத்தது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து பிள்ளை பொம்மையை நிமிர்த்துவதில் மும்முரமாக இருப்பது போல இருந்தேன்.

மாடியில் சாப்பிடுகிற இடத்தில் அவரிடம் போய் உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்திருந்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"நீ இன்னா பண்ணுவ. சொன்னத செய்ற." கோபமே இல்லை குரலில். "இல்லம்மா, நான் பாத்துகினே இருந்தேன். அந்தப் பொம்மைங்க நிக்கறதுக்குக்கூட நீ கால்ல கம்பி சொருவி முட்டு குடுத்து வச்சிருக்க. காலையிலருந்து நின்னுகினே இருக்கனே, எனக்கு இன்னா முட்டு இருக்குது?"

அவர் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். எனக்கும் ஒரு கை எடுத்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தின்றேன்.

சாயங்காலம் திரும்ப டேப்பை எடுத்தேன். மேடையின் அகலத்தை மூன்றடியிலிருந்து ஒன்றே முக்கால் அடியாக்கினேன். வேட்டிகளை மேடையிலிருந்து எடுத்துத் தூணைச் சுற்றிக் கம்பியில் தொங்கவிட்டால் போதும். முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. தூணில் தொங்கினால் அழகு குறையும் என்று விட்டிருந்தேன்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் புது வரைபடத்தைக் காட்டினேன்.

"நீதானம்மா எடம் பத்தாதுன்னு சொன்ன?"

"தப்பா அளந்துட்டேன் சார்."

"இத்தினி வருசமா அளக்கற, இப்ப தப்பா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. "சரி, கூட்டம் ஜாஸ்தியாவறதுக்குள்ள முடி," என்றார்.

குடோனில் நாலு ஸ்டூல்தான் கிடைத்தது. இரண்டை யாரோ துண்டுப் பெட்டிகள் ஏற்றி வைக்க எடுத்ததில் அவற்றின் கால் பிளந்திருந்தது. நாலையும் நானே இறக்கிக் கவுன்டருக்குப் பின்னால் போட்டேன். அக்கா ஒன்றில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒரு வாடிக்கையாளருக்குச் சேலையை விரித்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவர் பார்ப்பதற்காக நிற்கவில்லை.

தீபத்தன்று மழை. போலீஸ் தடுப்புப் போட்டு எங்கள் தெருவை ஒருவழியாக்கிவிட்டார்கள். கூட்டம் கடை வாசலை உரசிக்கொண்டு ஓடியதே தவிர, யாரும் உள்ளே வரவில்லை. துண்டுகளையும் குல்லாக்களையும் அட்டைப்பெட்டியோடு வாசல்படிக்குக் கொண்டுபோய்க் கூவி விற்றோம். பெட்டியில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. நான் நிறம் பார்த்துச் சுருட்டி அடுக்கிய எதையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "இந்த வருசம் உன் பிளான் சூப்பர்ம்மா," என்றார் முதலாளி. தலையாட்டினேன். மறுக்கத் தெம்பில்லை.

பொங்கல் முடிந்ததும் அந்த அக்கா நின்றுவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. கால் தாங்கவில்லை என்றார். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில், வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன ஜவுளிக்கடையில் சேர்ந்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வைகாசியில் உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு அங்கே போனபோது தேடிக் கண்டுபிடித்தேன். இரண்டு ஷட்டர் கடை. பொம்மை கிடையாது. ஆஃபர் பலகை கிடையாது. தரையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. அதில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அக்கா ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் அங்கே கம்மிதான் என்று பிறகு சொன்னார். கால் வீக்கம் முழுசாக வடியவில்லை என்றும் சொன்னார்.

"வாம்மா, உக்காரு," என்று நகர்ந்து இடம் விட்டார். டீ வரவழைத்தார். அவருக்குப் பின்னால் சேலைகள் கன்னாபின்னாவென்று அடுக்கியிருந்தன. பச்சைக்கு மேல் ஊதா, அதற்கு மேல் திரும்பவும் பச்சை. என் கை எழுந்து போய் எதையும் சரிசெய்யவில்லை.

"ஆடிக்கு இப்பவே ஆரம்பிச்சிருப்பியே," என்றார்.

"ஆரம்பிச்சிட்டேன்க்கா. பாதி முடிஞ்சிது."

"இன்னா வேலையோ போ," என்று சொல்லிவிட்டு, ஒரு மாம்பழ நிறச் சேலையை எடுத்து என் மடியில் விரித்தார். டீ ஆறும் வரை அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.