நிரைகளுக்குள் கேட்ட பாடம்

ஜப்பான்காரன் காலத்தில், ஆசிரியர்களைத் தயார்செய்ய சிரம்பானில் ஒரு பயிற்சிக் கல்லூரி நடந்தது. நான் அதில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீடு அம்பாங்கானில். அப்பா ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் என்பதால் புத்தகமும் பேனாவும் எங்களுக்குப் புதிதல்ல. அதனாலேயோ என்னவோ, தோட்டங்களிலிருந்து புதிதாக வந்த பெண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

அப்படி என்னிடம் வந்தவள் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்துப் பெண். பதினேழு வயது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்த அவள் அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய் ஒரு வருஷமாகியிருந்தது. தகவலே இல்லை.

படிப்பில் அவள் மட்டமில்லை. ஜப்பான் எழுத்துகளை என்னைவிட வேகமாக எழுதுவாள். ஆனால் வகுப்பின் முன்னால் நிற்கவைத்தால் வாயிலிருந்து காற்றுதான் வரும். கடைசி வரிசைக்குக் குரல் எட்டாவிட்டால் ஜப்பானிய ஆசிரியர் கன்னத்தில் அறைவார். இரண்டு முறை வாங்கிவிட்டாள். மூன்றாவது முறையும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"கணக்கெழுதுற கிராணி வந்தாலே ஒதுங்கி நின்னு பழகிட்டோம். நாங்க எங்க, அக்கா, நாலு பேரு முன்னாடி சத்தமா பேசியிருக்கோம்?" என்றாள்.

"ஆளே இல்லாத எடத்துல பேசிப் பாரு லா," என்றேன்.

அடுத்த விடுமுறை நாளில், வெள்ளைக்கார துரை போட்டுவிட்டு ஓடிய ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். உச்சி வெயில் நேரம். உள்ளே மட்டும் சாயங்காலம் போல இருட்டு. லாலாங் புல் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. மரத்தில் கட்டிய மங்குக் கோப்பைகளில் பாலுக்குப் பதில் மழைத் தண்ணீரும் கொசுப்புழுவும். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

"மரங்கதான் பிள்ளைங்க. உனக்குத் தெரிஞ்சதச் சொல்லிக்குடு."

ஜப்பான் மொழி அவள் வாயில் வரவில்லை. தமிழில் ஆரம்பித்தாள்.

"அணில்."

மரங்களின் நிரைகளுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அணி...ல்."

எதிரொலி இல்லை அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து இழுத்துச் சொல்வார்களே, அந்த இழுப்பு. அதற்கு அரை நொடி பிந்தி, ஒரு பெரிய பொம்பளையின் குரல்.

"வா, போயிரலாம்," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. அவள் முகத்தில் பயமே இல்லாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"ஆடு," என்றாள், முன்பைவிடச் சத்தமாக. மரங்கள் திருப்பிச் சொல்லின.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் குரல் ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாவது வாரம், பாடம் முடிந்ததும், என்னால் பொறுக்க முடியவில்லை. சத்தம் வந்த திக்கில் நடந்தேன். அவளும் பின்னால் வந்தாள்.

ரப்பர் தாள்களுக்குப் புகை போடும் பழைய கொட்டகை ஒன்று இருந்தது. அதன் பின்சுவரை ஒட்டி ஐந்து பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது இருக்கலாம். இடுப்பில் கைக்குழந்தை.

"இவ்வளவு நாளா ஏன் வெளிய வரல?" என்று கேட்டேன்.

"யாரு கூப்பிட்டாலும் வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு. லோரியில ஏத்திட்டுப் போயிருவாங்களாம். அப்பாவ அப்படித்தான் ஏத்துனாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாடம் சொல்லக்கூடாதுன்னு சொல்லல," என்றாள் மூத்தவள்.

"அம்மா எங்க?"

"உள்ள. காய்ச்சல். முந்தாநேத்துலேருந்து எந்திரிக்கல."

உள்ளே சாக்குக்கு அடியில் அந்த அம்மா படுத்திருந்தாள். ஈக்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் நெற்றியைத் தொட்டேன். அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழகியவள் நான். உயிர் போய் ஒரு நாளுக்கு மேலாகியிருந்தது.

என் பக்கத்தில் நின்றவள் மெல்லக் கேட்டாள். "இப்பத்தானேக்கா நம்மகூடச் சொன்னாங்க?"

சற்றுமுன் அந்தப் பொம்பளைக் குரலை நானும் கேட்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால், அரை நொடி பிந்தி. சாக்கை இழுத்து அந்த முகத்தை மூடினேன். கேட்டதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலைக்குள் என் அப்பாவும் இரண்டு கம்பவுண்டர்களும் வந்து அடக்கம் செய்தார்கள். பிள்ளைகளை மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் மறைத்துப் பெடாஸுக்குக் கொண்டுபோனோம். என்னிடம் படித்தவளின் அம்மா ஐந்து பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "மரவள்ளி இன்னும் நாலு நட்டா ஆச்சு. உள்ள வாங்கய்யா," என்றாள்.

அடுத்த வாரம் கல்லூரியில் அவள் பாடம் நடத்தினாள். குரல் கடைசிச் சுவரில் போய் மோதியது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும், நாங்கள் திருப்பிச் சொல்லி முடித்த பின்னும், தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். ஜப்பானிய ஆசிரியர் யாரோ பிந்திச் சொன்னதைக் கேட்டவர்போல ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு தேறிவிட்டதாகத் தலையசைத்துவிட்டு, சீக்கிரமே வெளியேறினார்.

ஜப்பான் சண்டை முடிந்ததும் அந்தக் கல்லூரிச் சான்றிதழ்களுக்கு மதிப்பில்லாமல் போனது. எல்லாம் முதலிலிருந்து. இரண்டு வருஷம் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அவள் மறுபடி பரீட்சைக்குப் படித்தாள். நான் கூட இருந்து சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது தடவையில் தேறி, ரெம்பாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் வேலைக்குப் போனாள்.

போய்ச் சேர்ந்த வாரமே கடிதம் போட்டாள். கூரை ஒழுகுகிறது, இரண்டு வகுப்புக்கும் ஒரே கரும்பலகை, சுண்ணக்கட்டி கிடைத்தால் அனுப்புங்கள் அக்கா என்று எழுதியிருந்தாள். ஒரு பெட்டி அனுப்பிவைத்தேன்.