பாதுகாப்பான கணினிக்குத் தடை

இரண்டு முறை வைரஸ் புகுந்து ஊராரின் சான்றிதழ்களை அழித்த பிறகு, விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்கார அக்கா தன் கணினியை வைரஸ் எளிதில் புகாத லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றினார். மூன்று மாதம் ஒரு வைரஸும் வரவில்லை. அப்புறம் அரசு அலுவலகம் விண்ணப்பங்களை அனுப்பப் புதிய மென்பொருளைக் கட்டாயமாக்கியது. அது லினக்ஸில் ஓடாது.

“பழைய சிஸ்டத்தையே போட்டுக்குங்கம்மா,” என்றார், அலுவலகத்துக்கே கேட்கப் போன அக்காவிடம் அதிகாரி.

“திரும்ப வைரஸ் வந்தா யார் சார் பொறுப்பு?”

“நீங்கதான். தகவல் கசிஞ்சா லைசென்ஸ் ரத்து. இந்த உறுதிமொழிப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க.”

“கதவைத் திறந்து வைக்கச் சொல்றது நீங்க, திருடு போனா மாட்டிக்கிறது நானா? நல்லா இருக்கு சார் நியாயம்.”

அதிகாரி பேனாவை நீட்டினார். கடையில் ஓய்வூதிய விண்ணப்பத்தோடு ஒன்பது பேர் காத்திருந்தார்கள். விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். கையெழுத்துப் போட்டுத் திரும்பிய அக்கா, தன் கையாலேயே லினக்ஸை அழித்தார்.