உடைத்தால் இலக்கம் எந்தப் பக்கம்?

நாட்டின் கைத்தொலைபேசிச் சேவையில் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருக்கும் கம்பனியை இரண்டாகப் பிரிக்கலாமா என்று அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. பத்திரிகையின் உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் அந்த விளம்பரம் கிடந்தது. கொழும்பில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எழுதச் சொல்லி யாராவது கேட்டால் என் கை சும்மா இருக்காது. அன்றைக்கே மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கம்பனி மீது எனக்கு நல்ல கோபம் இருந்தது. முன்பு வெள்ளவத்தையில் காலி வீதியின் இந்தப் பக்கம் ஒரு கம்பனியின் கடை, அந்தப் பக்கம் இன்னொன்றின் கடை. இங்கே ஒருவர் மூஞ்சியை நீட்டினால் வீதியைக் கடந்து அங்கே போவோம். போய்விடுவோம் என்ற பயத்திலாவது கொஞ்சம் சிரிப்பார்கள். பிறகு பெரியது சிறியதை வாங்கியது. இரண்டு கடைகளிலும் ஒரே பெயர்ப்பலகை, ஒரே நிறச் சட்டை. சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்கா அந்தச் சிறிய கம்பனியின் சிம்மை வைத்திருந்தவர். அவருடைய போன் கதைப்பதற்கான போன் அல்ல. அக்காவின் ஒரே மகன் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஒருநாள், வேலை முடிந்து வெளியே வந்தவனை வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தச் சிம்மைத் தாய்க்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். வீட்டாரின் போன் இலக்கங்களில் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆகவே அவன் எப்போது கோல் எடுத்தாலும் கிடைக்கும்படி லைன் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். காலையில் நான் ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பேன். மணி அடித்ததும் அக்கா வெட்டிவிடுவார். இலக்கம் வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

இந்த வருடம் அந்தப் போனுக்கு ஒரு செய்தி வந்தது. சிம்மைப் பாவிப்பவரின் பெயரில் பதியாவிட்டால் இலக்கம் நிறுத்தப்படுமாம். சிம் இருந்தது மகனின் பெயரில். அக்காவைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் கொம்பியூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஓனர் நேர வரோணும் அன்ரி. ஏலாதெண்டா டெத் சேர்ட்டிபிக்கட் கொண்டு வாங்கோ."

"அவன் சாகேல்லைப் பிள்ளை," என்றார் அக்கா.

"அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

அந்தப் பெண்ணை அறையவேண்டும் போலிருந்தது. அவளுக்கு என்ன தெரியும், பாவம். பழைய பழக்கத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். அங்கிருந்தவன் இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதானே அங்க போய் வந்திருக்கிறீங்க?" என்று கேட்டான்.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் வைத்து என் கருத்துரையை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் ஒருத்தனிட்ட இருந்தா அவன் வைச்சதுதான் சட்டம். உடைக்கத்தான் வேணும்," என்றேன்.

அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உடைச்சா என்ர நம்பர் எந்தப் பக்கம் போகும், தம்பி?" என்றார்.

பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அதில் இதற்கு ஒரு வரி இல்லை. தெரியாது என்றேன்.

"அவங்கள் உடைக்கிறதுக்குள்ள இதை வெட்டிப்போடுவாங்கள்," என்றார் அக்கா.

மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அதிகாரிகள் முன்பும் பல தடவை வந்திருக்கிறார்கள். நட்டஈடும் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளையைத் தாருங்கள், கடதாசி வேண்டாம் என்று அக்கா அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் அடுத்த கிழமை பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "அந்தக் கடதாசிக்கு எழுது," என்றார்.

எழுதினேன். இறந்த திகதி என்ற இடத்தில் அவனை வானில் ஏற்றிய நாளைப் போட்டேன். எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்து வைத்தார்.

என் கருத்துரையையும் அனுப்பினேன். பிரிக்கத்தான் வேண்டும் என்றே எழுதினேன், இப்போதும் அதுதான் என் எண்ணம். கடைசியில் அக்காவின் கேள்வியையும் சேர்த்திருந்தேன். கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

சான்றிதழ் வந்தது. இலக்கம் அக்காவின் பெயருக்கு மாறியது. மறுநாள் காலை வழக்கம்போல மிஸ்ட் கோல் கொடுத்தேன். அக்கா வெட்டவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் போனில் அவருடைய குரலைக் கேட்டேன்.

"நம்பர் நிக்குது, தம்பி. அவன் எடுத்தா நான் விளங்கப்படுத்துவன், நம்பருக்காகத்தான் அப்பிடி எழுதினதெண்டு. சரி வை, லைனைப் பிடிச்சுக்கொண்டிருக்காத."