போதகர் காரில் கருகிய ஆயில்

சிகேலி போட்ட ஆயில்தான் போதகரின் காரைக் கெடுத்துவிட்டது என்று எங்கள் தீவு ஊரான சிங்கடோகாவின் சந்தை முழுக்கப் பேச்சு. சேப்பங்கிழங்கு வாங்கப் போன இடத்தில் கேட்டேன். நான் அவனுக்குப் பக்கத்து வீடு. வேறு யார் வாயாலோ அவன் கேட்பதைவிட நானே சொல்வது மேல் என்று நேராக அவனுடைய கார் ரிப்பேர் பட்டறைக்குப் போனேன்.

ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தவன் படுத்தபடியே கேட்டான். "யாரு சொன்னது, வாத்தியாரே?"

"அப்பெனிசா சொன்னானாம்."

வேனுக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. "என் மச்சானா? அவன் என்னைக் கிண்டல் பண்ணாத அன்னைக்குத்தான் நான் கவலைப்படணும்."

அப்பெனிசா, சிகேலியின் மனைவி லீத்தியாவுக்கு அண்ணன். மச்சான்கள் இருவரும் பத்து வருஷம் ஒரே ரக்பி குழுவில் தோளோடு தோள் கோத்து ஆடியவர்கள். பார்த்த மாத்திரத்தில் ஒருவன் "டேய் ஓட்டைப் படகு" என்பான், மற்றவன் "வாடா சுட்ட வௌவால்" என்பான். எங்கள் ஊரில் மச்சான்கள் திட்டிக்கொள்ளாவிட்டால்தான் ஏதோ சண்டை என்று அர்த்தம். அப்பெனிசா சபைக் காரின் டிரைவர். போதகரைப் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கெல்லாம் அவன்தான் கூட்டிப்போவான். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த ஆட்டோமேட்டிக் கார். இரண்டு மாதத்துக்கு முன் சிகேலிதான் அதற்குக் கியர் ஆயில் மாற்றிக் கொடுத்தான்.

கிண்டல் இல்லை என்பது இரண்டு நாளில் தெரிந்தது. வேலைக்கு விட்டிருந்த வண்டிகளை இரண்டு பேர் வந்து, முகத்தைப் பார்க்காமல் எடுத்துப்போனார்கள். அன்று மத்தியானம் நானும் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். மரவள்ளிக்கிழங்கையும் டின் மீனையும் வைத்துவிட்டு லீத்தியா கேட்டாள்: "பழைய ஆயில் டப்பாவும் புது டப்பாவும் ஒரே இடத்துலதானே வச்சிருக்க? மாறிக்கீறிப் போச்சா?"

சிகேலியின் கை நின்றது. "நீயுமா கேக்குற?"

"கேட்டா தப்பா? அண்ணன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

அதன்பிறகு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. குப்பையில் கிடந்த காலி டப்பாக்களை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை போதகர் வீட்டுக்குப் போய்க் காரைக் கேட்டு வாங்கிவந்தான். எங்கள் தெரு மேட்டில் எஞ்சின் அலறியது, வண்டியோ நத்தையாக ஊர்ந்தது. பட்டறையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே ஆயில் அளவுக் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தான். செம்பருத்திச் சாறுபோல் சிவப்பாக இருக்கவேண்டியது, கஷாயம்போல் கறுத்திருந்தது. துணியை என் மூக்கருகே நீட்டினான். தீய்ந்த ரொட்டி வாடை.

"தப்பான ஆயில் ஊத்தினா இப்படி ஆகுமா?" என்றேன்.

"அதுக்கு உதறும், முரண்டு பிடிக்கும். இது வெந்தே போயிருக்கு, வாத்தியாரே. மூணு பேரை ஏத்திட்டுப் போற வண்டிக்கு இம்புட்டுச் சூடு எங்கேருந்து வந்துச்சு?"

ஜாக்கி போட்டுத் தூக்கி ஆயிலை வடித்தான். அடித்தட்டைக் கழற்றினால், அதிலிருந்த காந்தத்தில் மை அப்பியதுபோலக் கறுப்பு. விரலால் தேய்த்துப் பார்த்தான். இரும்புத் தூள் நெருடவில்லை. "கிளட்ச் தட்டு தேஞ்சிருக்கு, உடையல. பொழைச்சுக்கும்."

பிறகு முன்பக்கம் வந்தான். கியர் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் முழுக்க ஆற்றுச் சேறும் புல்லும் காய்ந்து அடைத்திருந்தன. போதகரின் கார் ஆற்றில் ஏன் இறங்கியது? மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்தான். அப்புறம், "இங்க குனிஞ்சு பாருங்க" என்றான்.

பின்பக்கச் சட்டத்தில் நான்கு துளைகள். சுற்றிலும் துரு, துளை விளிம்பு மட்டும் புது இரும்பாகப் பளபளத்தது. இழுவைக் கொக்கியை மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றியிருக்கிறார்கள்.

"ட்ரெய்லர் கட்டி இழுத்திருக்கான். ஆத்துச் சரளை" என்றான் சிகேலி. அப்பெனிசா கட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குச் சரளை குவிந்திருந்தது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

சிகேலி அலமாரியிலிருந்து தன் டிரில்லிங் மெஷினை எடுத்துவந்து, அதன் முனையைத் துளையில் நுழைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"அம்மாவுக்குச் செவுத்துல பலகை அடிக்கணும்னு போன மாசம் வாங்கிட்டுப் போனான். தடிச்ச முனையா வேணும்னான். நான்தான் தேடி எடுத்துக் குடுத்தேன்."

மெஷினைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஆட்டத்தில் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியபோதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பில்டரும் கேஸ்கட்டும் புதிதாகப் போட்டான். கூலரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். புது ஆயில் ஊற்றிப் பாலம்வரை ஓட்டிவந்து வடித்தான், மறுபடி ஊற்றினான். மூன்றாம் முறைதான் துணியில் சிவப்பு தெரிந்தது.

"அவனே ஒத்துக்குவான். நான் முந்திக்க மாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஞாயிறு ஆராதனைக்கு வந்தான். ஆராதனை முடிந்து சபையார் கூடத்தில் உட்கார்ந்ததும் அப்பெனிசா எழுந்தான். "என் மச்சான் தெரியாமப் பண்ணிட்டான். மனுஷன்தானே? சபை அவனை மன்னிச்சு விட்டுடணும்" என்றான். நாலைந்து பேர் ஆமென் சொன்னார்கள்.

சிகேலி எழுந்து, கருகிய ஆயில் இருந்த பாட்டிலைப் போதகரின் மேஜைமேல் வைத்தான்.

"அப்பெனிசா, வண்டிக்குப் பின்னாடி நீங்க போட்ட நாலு ஓட்டையை ஐயா வந்து பாக்கட்டும்."

அந்த 'நீங்க'வைக் கேட்டதும் கூடத்தில் எல்லாத் தலைகளும் அப்பெனிசா பக்கம் திரும்பின. போதகர் எழுந்தார். ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே போய்க் காருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்கள். அப்பெனிசா மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

சாவியை அன்றே அவனிடமிருந்து வாங்கிவிட்டார்கள். பத்து நாள் கழித்து அப்பெனிசா, ஊர் வழக்கப்படி குலத்துப் பெரியவர் ஒருவரோடு, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டைத் தூக்கிவந்து, பாயில் தலைகுனிந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். சிகேலி வேர்க்கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டான். கரைத்ததை இருவரும் ஒரே சிரட்டையில் குடித்தார்கள். இப்போது பேசிக்கொள்கிறார்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள்போல, மரியாதையாக. வண்டிக்காரர்களில் பாதிக்குமேல் திரும்பிவந்தார்கள்.

ஒருநாள் பட்டறைக் குழாயடியில் கை கழுவிக்கொண்டே சிகேலி சொன்னான்: "அவன் மாட்டிக்குவோம்கிற பயத்துல சொன்னான், வாத்தியாரே. அதை விடுங்க. லீத்தியாவுக்கு என்ன பயம்? டப்பா மாறிப் போச்சான்னு கேட்டாளே."

"அவகிட்ட இதைச் சொன்னியா?"

"இல்ல."

உள்ளேயிருந்து லீத்தியா சாப்பிடக் கூப்பிட்டாள். "வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, சோப்பை எடுத்து மறுபடியும் கையில் தேய்க்க ஆரம்பித்தான்.