கைப்பிடி இல்லாத கோப்பை

மருத்துவக் கல்லூரியில் நேர்முகம் நடத்தும் அம்மையாருக்கு மண் கோப்பை என்றால் உயிராம். மட்பாண்டத்தை மைனராக எடுத்தவர்களுக்கு இடம் நிச்சயமாம். அயோவாவில் எங்கள் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் இந்த வதந்தி சோள சூப்பைவிடச் சூடாகப் பரிமாறப்பட்டது. கிளப்பிவிட்டவள் கிரெட்டா நீல்சன் என்றார்கள். (மைனர் என்றதும் தங்கச் சங்கிலியும் ஜவ்வாது வாசனையும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. இங்கே அது முதன்மைப் பாடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைப்பாடம்.) விசாரிக்கப் போனேன்.

கிரெட்டா உயிரியல் மாணவி. மட்பாண்டப் பட்டறையில் சூளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தபடி சக்கரத்தை மிதித்துக்கொண்டிருந்தாள். தொடை எலும்பு வந்தால் கோப்பை அகலமாகிவிடுகிறது. பக்கத்தில் அவளுடைய காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நானா கிளப்பினேன்? அந்த அம்மா பேரே எனக்குத் தெரியாது சார்! ஏன் இதை எடுத்தேன்னு கேட்டாங்க. நிஜத்தைச் சொன்னேன், ஒருத்தனும் நம்பலை."

"நிஜம் என்ன?"

"குளிருது."

அவள் வாடகை அறையில் வெப்பக்குழாய் சத்தம் மட்டும்தான் போடுமாம். ஜனவரியில் வளாகத்திலேயே கதகதப்பான இடம் இதுதான். பாடம் எடுத்தவர்களுக்குத்தான் சாவி. எடுத்துவிட்டாள்.

வேதியியலை மைனராக்க அவளுக்கு இன்னும் ஒரே ஒரு பாடம் போதும். எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பாட ஆலோசகர் ஹால்வர்சனுக்கு அந்த வயிற்றெரிச்சல். வியாழக்கிழமை நேர்முகம், 'ஏன் மட்பாண்டம்?' என்று கேட்காமல் விடமாட்டார்கள். நான் இருக்கும்போதே ஒத்திகைக்கு வந்துவிட்டார்.

"விரல் நுட்பத்துக்காகன்னு சொல்லும்மா. ஆபரேஷனுக்கு உதவும்னு."

"என் கோப்பையைப் பாத்தீங்களா சார்? பாத்தவங்க யாரும் என் கையில கத்தி குடுக்க மாட்டாங்க."

"சரி, பொறுமை வந்துச்சுன்னு..."

"நேத்து ரெண்டைத் தூக்கிச் செவுத்துல அடிச்சேன்."

"குளிருதுன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே, தாயே!"

"அது ஒண்ணுதான் சார் எனக்குத் திக்காம வருது."

ஹால்வர்சன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொய் சொல்வதில் கிரெட்டாவுக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. சொன்ன பொய்யை நினைவில் வைக்க மண்டையில் இடமில்லையாம், எலும்பு நிறைந்துவிட்டதாம்.

"இடம் கிடைக்கலேன்னா?"

சக்கரம் நின்றது. "அதை மட்டும் கேக்காதீங்க சார். சின்னதுலேருந்து வேற எதுக்கும் நான் ஆசைப்பட்டதில்லை." மறுபடி மிதித்தாள். கோப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்காக அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

போன மாதம் எனக்கொரு கோப்பை தந்திருந்தாள். கைப்பிடி பிறகு வரும் என்று வாக்கு. அதை நினைவூட்டத்தான் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதிலேயே காபி ஊற்றிக் கொடுத்தாள். வாங்கியவன் விரலை உதறினேன்.

"காட்டுங்க." திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லை, பொழைச்சுக்குவீங்க." முதலுதவிப் பெட்டியைத் திறந்து, கட்டுத்துணியை எடுத்து, கோப்பையின் இடுப்பில் வரிவரியாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"அப்போ கைப்பிடி?"

"தர்றேன், தர்றேன்" என்றபடி, கட்டு ரொம்ப இறுக்கமோ என்று சுண்டுவிரலை உள்ளே நுழைத்துப் பார்த்தாள்.