மிளகாய்க் கைக்குத் திறக்காத பட்டியல்

மாத்தளை டவுனில் என் நானா, அதாவது என் மூத்த சகோதரர், மிளகாயும் மல்லியும் அரைக்கிற மில் வைத்திருக்கிறார். அந்த மில்லின் முன்னறையை எனக்குத் தாருங்கள் என்று இரண்டு வருடமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சாப்பாட்டு மேசைதான் என் ஆபீஸ். வெப்சைட் செய்கிறேன் என்றால், "சரி, அந்தக் கம்ப்யூட்டரைத் தள்ளி வை, சோறு வைக்கணும்" என்பார் உம்மா. முன்னறையிலோ மல்லி மூட்டைகள் ஜம்மென்று குடியிருந்தன.

கடைசியில் நானா ஒரு நிபந்தனை போட்டார். தூரத்து ஊரான வில்கமுவயிலிருந்து அரைக்க வருகிறவர்கள் வரிசையில் நின்றே பஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்தே நேரம் குறித்துக்கொண்டு வர ஒரு பக்கம் செய்து கொடுக்க வேண்டும். "நோன்புக்கு முந்தி அது ஒழுங்கா ஓடினா அறை ஒனக்கு. இல்லாட்டி மல்லிக்கு."

பூ, இவ்வளவுதானா! பொத்தான், பட்டியல், நாட்காட்டி எதையும் நான் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. எங்கோ முகம் தெரியாத புண்ணியவான்கள் சேர்ந்து எழுதி, உள்ளே இருக்கும் நிரலையும் திறந்து காட்டி, இலவசமாக வைத்திருக்கும் லைப்ரரிகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தேன். மூன்று நாளில் பக்கம் தயார்.

முதல் நாளே நானா மில்லிலிருந்து போனில் கத்தினார். ஒருவருக்கு அரைத்து முடிந்ததும் நானா அந்தப் பெயரின் கீழே விரியும் பட்டியலைத் திறந்து 'முடிந்தது' என்று போட வேண்டும். "என்ன புள்ள இது, தொறந்த ஒடனே மூடிக்குது!" என் போனில் அழகாக வேலை செய்தது. "ஒங்களுக்குத்தான் போன் பாவிக்கத் தெரியல்ல" என்று நானும் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

மில்லுக்குப் போனபோதுதான் விளங்கியது. நானாவின் உள்ளங்கை மணிக்கட்டு வரை சிவப்பு. விரலால் தொட்டால் போன் பாழ். கழுவிவிட்டு ஈரக் கையைத் தூளில் வைத்தால் தூள் கட்டிபட்டுவிடும். அதனால் சுண்டுவிரலை மடக்கி, அதன் முட்டியால் டொக்கென்று அழுத்துகிறார். பக்கத்துக் கடைக்காரர்களும் அப்படித்தான். இத்தனை வருடம் நான்தான் கவனிக்கவில்லை. முட்டி கண்ணாடியில் லேசாக உருளும். அந்தத் துளி அசைவைப் பார்த்து, ஆள் பக்கத்தைத் தள்ளுகிறார் என்று நினைத்து லைப்ரரி பட்டியலை மூடிவிடுகிறது.

லைப்ரரிக்காரர்களுக்கு எழுதினேன். "ஏன் விரலால் அழுத்தக் கூடாது?" என்று ஒருவர் கேட்டார். வந்ததே ஆத்திரம்! நானாவின் கையைப் படம் பிடித்து அனுப்பினேன், கூடவே நான்கு வரித் திருத்தமும். தொடுகிற இடம் அகலமாக இருந்தால் கொஞ்சம் அசைவைப் பொறுத்துக்கொள், அவ்வளவுதான். மறுநாள் அதே ஆளின் பதில்: ரொட்டி மாவு பிசையும்போது தனக்கும் இதே கஷ்டமாம், தன் கையில்தான் கோளாறு என்று நினைத்திருந்தாராம்! திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் ஓட்டிப் பார்க்கிற சோதனைகளில் ஒன்றுக்கு, ஆங்கிலத்தில், 'மிளகாய்க் கை' என்றே பெயர் வைத்தார்கள். நான் மேசையைச் சுற்றி ஆடினேன். கறிச்சட்டியைத் தட்டிவிடப் போகிறாய் என்று உம்மா சத்தம் போட்டார்.

நோன்புக்கு மூன்று நாள் இருக்கையில், புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டு மில்லுக்கு ஓடினேன். நானா என்ன செய்தார் தெரியுமா? சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, புதுத் துவாயில் துடைத்து, சுத்தமான ஆட்காட்டி விரலை நீட்டினார்.

"ஐயோ நானா, முட்டியால அழுத்துங்க!"

"ஒலகமே பாவிக்கிற சாமான்னு சொன்னியே. ஒரு மரியாத வேணாமா?"

கெஞ்சிக் கூத்தாடினேன். மனுஷன் திரும்பிப் போய், கையைத் தூளுக்குள் விட்டுக்கொண்டு வந்து, முட்டியால் ஒரு டொக். பட்டியல் திறந்தது. திறந்தபடியே நின்றது! இன்னொரு டொக். 'முடிந்தது' விழுந்தது. வில்கமுவ அக்கா ஒருவர் தூள் பையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக பஸ்ஸுக்கு நடந்தார்.

நானா அதே கையால் முன்னறைச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தேன். யா அல்லாஹ், என்ன எரிச்சல்!

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன் புள்ள, ஒலகத்துக்கே எழுதி அனுப்பினியே, ஒனக்கு முட்டியால தொடைக்கத் தெரியாதா?"